பழைய புல்லட்டுக்குப் பெரிய கார்புரேட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை திருவொற்றியூரில் உருவான இரும்பு சிலிண்டர் புல்லட்டுகளில், 350 சி.சி. மாடலுக்கு 24 மி.மீ. மிக்கார்ப் நிறுவனக் கார்புரேட்டரும் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் பாகம்) 500 சி.சி. மாடலுக்கு 28 மி.மீ. கார்புரேட்டரும் பொருத்தப்பட்டு வந்தன. வண்டியில் பிக்கப் குறைந்துவிட்டது என்றதும், 500-இன் கார்புரேட்டரை 350-இல் மாட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். பெரியது என்றால் கூடுதல் சக்தி என்ற இந்த எண்ணமே முதல் தவறு.

கார்புரேட்டர் பெட்ரோலை இன்ஜினுக்குள் தள்ளுவதில்லை. அதன் குறுகிய தொண்டை வழியே காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவுதான் மிதவை அறையில் உள்ள பெட்ரோலை ஜெட் எனும் சிறு துளை வழியாக மேலே இழுக்கிறது. தொண்டை 24-இலிருந்து 28 மி.மீ. ஆகும்போது கூடுவது வெறும் நான்கு மி.மீ. என்று தோன்றினாலும், அதன் குறுக்குப்பரப்பு 36 சதவீதம் கூடிவிடுகிறது. அதே அளவு காற்று செல்லும்போது வேகம் கால் பங்குக்கு மேல் குறையும். இழுப்போ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இன்ஜின் குறைந்த சுழற்சியில் (நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) ஓடும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முழுதாகத் திருகினால் இன்ஜின் திணறி, ஒரு நொடி அடங்கிப் பிறகே எழுவது இதனால்தான். நகரத்துச் சாலையில் ஓடும் புல்லட்டுக்கு இது பெரிய இழப்பு. அந்த வண்டியின் அழகே கீழ்ச்சுழற்சியில் கிடைக்கும் இழுவைதான்.

அளவைச் சரிபார்க்க ஓர் எளிய கணக்கு உண்டு. இன்ஜினின் சி.சி.யை, உச்ச சக்தி கிடைக்கும் சுழற்சியின் ஆயிரங்களால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, கார்புரேட்டரின் மி.மீ. அளவை அதனால் வகுக்க வேண்டும். 346 சி.சி., 5,625 சுழற்சி கொண்ட 350-க்கும், 499 சி.சி., 5,400 சுழற்சி கொண்ட 500-க்கும் விடை ஏறக்குறைய 0.54 என்றே வருகிறது. தொழிற்சாலை இரண்டுக்கும் ஒரே விகிதத்தைத்தான் கடைப்பிடித்திருக்கிறது என்பதை அறிந்தபின், 350-இல் 28-ஐ மாட்டுவதற்குத் தனியாகக் காரணம் வேண்டும். கேம், வால்வு, இன்லெட் போர்ட் ஆகியவற்றை மாற்றி இன்ஜினை மேல்சுழற்சிக்குத் தயார் செய்தவருக்கு அந்தக் காரணம் இருக்கலாம். மற்றவருக்கு இல்லை என்பதே என் கருத்து.

சி.சி.யை மட்டும் வைத்து, கார்புரேட்டர் அளவை வேறு வண்டியோடு ஒப்பிடுவதும் தவறு. 98 சி.சி. யமஹா ஆர்எக்ஸ் 100 இரண்டு ஸ்ட்ரோக் வண்டி. அது ஒவ்வொரு சுற்றிலும் காற்றை இழுக்கிறது. 7,500 சுழற்சியில் கணக்குப்படி நிமிடத்துக்கு 735 லிட்டர். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இழுக்கும் புல்லட் 350, தன் உச்ச சக்தியில் சுமார் 970 லிட்டர். மூன்றரை மடங்கு பெரிய இன்ஜின், மூன்றில் ஒரு பங்கு காற்றைத்தான் கூடுதலாகக் கேட்கிறது.

அளவைக் குறை சொல்லுமுன் தேய்மானத்தைப் பார்க்காமல் விடுவதுதான் பழைய வண்டிகளில் நடக்கும் மிகப் பெரிய தவறு. ஸ்லைடு (ஆக்சிலரேட்டரோடு ஏறி இறங்கும் தடுப்பு) தேய்ந்து ஆடினாலும், நீடில் ஜெட்டின் (ஊசி ஏறி இறங்கும் ஜெட்) துளை அகன்றாலும், மேனிஃபோல்டு (கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் குழாய்) இணைப்பில் காற்று கசிந்தாலும், பாயிண்ட் டைமிங் (தீப்பொறி எழும் நேரம்) விலகியிருந்தாலும் கார்புரேட்டர் போதவில்லை என்பது போலவே வண்டி நடந்துகொள்ளும். இப்போது பம்புகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் கொள்ள வேண்டும். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய ஜெட்டோடு காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் குறைந்து, அதாவது கலவை மெலிந்து, இன்ஜின் சூடேறும். அதற்குத் தீர்வு சற்றுப் பெரிய ஜெட். பெரிய கார்புரேட்டர் அல்ல. உதகை போன்ற 2,200 மீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தி குறைந்து கலவை செறிவாகும்போதும் ஜெட்டைச் சிறியதாக்கினால் போதும்.

எல்லாம் பார்த்தபின் அளவை மாற்றியே ஆக வேண்டும் என்றால், பழைய ஜெட் எண்ணைப் புதியதற்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. கெய்ஹின் நிறுவன மெயின் ஜெட்டின் (முழு ஆக்சிலரேட்டரில் பெட்ரோல் தரும் முதன்மை ஜெட்) எண் துளையின் விட்டத்தைச் சுட்டுகிறது. அமால் நிறுவன ஜெட்டின் எண் அதன் வழியே செல்லும் பெட்ரோலின் அளவைச் சுட்டுகிறது. இரண்டிலும் 120 என்று பொறித்திருந்தாலும் அவை ஒன்றல்ல. மேனிஃபோல்டின் உள்விட்டம் 24 ஆகவே இருக்க, 28 மி.மீ. வாயை அதோடு இணைத்தால் உள்ளே ஒரு படி உருவாகி, காற்று அங்கே முட்டிச் சுழலும். ஆகவே மேனிஃபோல்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கலவையை ஸ்பார்க் பிளக்கின் நிறத்தால் சோதிப்பவர்கள், ஐட்லிங்கில் நின்ற வண்டியின் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது பயனற்றது, ஏனெனில் அது ஐட்லிங்கில் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் கதையை மட்டுமே சொல்லும். மெயின் ஜெட்டை அறிய, ஆளில்லாத நேர்ச்சாலையில் முழு ஆக்சிலரேட்டரில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து அதே கணத்தில் இன்ஜினை அணைத்து, வண்டி ஓரமாக நின்றபின் பிளக்கைக் கழற்ற வேண்டும்.