எக்ஸிட் கோட் 137 என்றால் மெமரிதானா?

கன்டெய்னர்களை (ஆப்பைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டிகள்) நிர்வகிக்கும் கியூபர்னெட்டிஸில் ஒரு ஜாவா பாட் (கன்டெய்னர் ஓடும் அலகு) க்ராஷ்லூப்பேக்ஆஃப் நிலையிலேயே, அதாவது விழுவதும் மீண்டும் தொடங்குவதுமாகவே, நின்றது. இப்போது ஓடும் கன்டெய்னரின் லாக்கைப் பார்த்துப் பயனில்லை. லாக்ஸ் கட்டளையோடு ப்ரீவியஸ் ஆப்ஷனைச் சேர்த்தால்தான் முன்பு விழுந்த கன்டெய்னரின் கடைசி வரிகள் கிடைக்கும். இதிலோ பிழை எதுவும் இல்லை, ஆப் எழும்போதே பாதியில் அறுந்திருந்தது.

பாடின் விவரம் காட்டும் டிஸ்க்ரைப் கட்டளையைப் போட்டால், லாஸ்ட் ஸ்டேட்டில் எக்ஸிட் கோட் (ப்ராசஸ் முடியும்போது விட்டுச்செல்லும் எண்) 137. அதாவது 128-உடன் சிக்னல் எண் 9: ப்ராசஸை உடனே கொல்லும் சிக்கில் சிக்னல். இதைப் பார்த்ததும் மெமரி லிமிட்டை ஏற்றிவிடாதீர்கள், தயவுசெய்து! ரீசனில் ஓஓஎம்கில்ட் (மெமரி போதாமல் கொல்லப்பட்டது) என்று இருந்தால்தான் பொதுவாக மெமரி. இங்கே வெறும் எர்ரர். ஈவென்ட்ஸில் லைவ்னஸ் ப்ரோப் (ஆப் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) தோல்வி.

ஆப் எழ 90 வினாடி ஆகும். ப்ரோபின் இயல்பு அமைப்போ 10 வினாடிக்கு ஒரு சோதனை, 3 தோல்வி வரை. அரை நிமிடத்தில், நின்றுகொள்ளச் சொல்லும் சிக்டெர்ம் சிக்னல் வந்துவிடும். ஸ்டார்ட் ஸ்கிரிப்டில் எக்ஸெக் (ஷெல்லின் இடத்தில் ஜாவாவையே ஓடவைக்கும் கட்டளை) இல்லாததால் ஷெல்லே பிஐடி 1, அதாவது சிக்னலைப் பெறும் முதல் ப்ராசஸ். அது சிக்னலை ஜாவாவுக்குக் கடத்தாது. இன்னும் 30 வினாடி கழித்து சிக்கில்.

ஸ்டார்ட்அப் ப்ரோப் (ஆப் எழுந்துவிட்டதா என்று பார்க்கும் சோதனை) சேர்த்தேன்: பீரியட் 10, ஃபெயிலியர் த்ரெஷோல்ட் 30, ஆக 300 வினாடி அவகாசம். அது தேறும்வரை லைவ்னஸ் சோதனை தொடங்காது. ஜாவா வரிக்கு முன் எக்ஸெக் சேர்த்ததும் பாட் நிறுத்தமும் சீரானது. ரீஸ்டார்ட் எண்ணிக்கை அதன்பின் ஏறவில்லை.