மூச்சுப்பயிற்சிக்கு முன்னம் சாப்பாட்டைக் கேளுங்கள்

உளவளத்துணைப் பயிற்சி முடித்து யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளுக்குப் போகிற புதிய உளவளத்துணையாளர்களின் குறிப்புகளைப் படித்துப் பேசுவது என் வேலை. எங்கள் தலைமுறை விட்ட பிழைகளே ஆள் மாறித் திரும்ப வருகின்றன. இரகசியம் காக்க வேண்டும், குறுக்கே பேசக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விடுகிறேன். பசியும் ஊக்கமும் கோபமும் நெருக்கீடும் (மன அழுத்தமும்) ஒரே உடம்புக்குள்தான் நடக்கின்றன என்பதை மறப்பதால் வருகிற பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

பசியை மனவடு என்று எழுதுவது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிற பிழை இதுதான்.

தரம் 10 படிக்கிற பையன் ஒருவன். படிப்பில் அக்கறை இல்லை, எடுத்ததற்கெல்லாம் சீறுகிறான் என்று வகுப்பாசிரியர் அனுப்பியிருந்தார். எங்கள் புதியவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்: தாய் வன்னியில் இறுதிப் போரைக் கண்டவர், தகப்பன் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார், ஆகவே மனவடு, அதாவது பழைய அதிர்ச்சி மனதில் விட்ட காயம். வாரக்கணக்கில் மூச்சுப்பயிற்சி நடந்தது. அவன் தீவுப்பகுதியிலிருந்து முதல் பஸ்ஸில் பண்ணைப் பாலம் தாண்டி ரியூசனுக்கு வந்து, அங்கிருந்து நேரே பள்ளிக்கூடம் போகிறவன். வெறுந்தேத்தண்ணியோடு புறப்பட்டால் இடைவேளை வரை வயிற்றில் ஒன்றும் இல்லை. இடைவேளையிலும் கையில் காசிருந்தால்தான் ஒரு பணிஸ். இதில் ஒரு வரிகூட அந்தக் குறிப்பில் இல்லை.

இரத்தத்தில் குளுக்கோசு குறைந்தால் உடம்பு அதை மீட்க அட்ரினலினையும் கோர்ட்டிசோலையும் சுரக்கிறது. பயத்திலும் சுரப்பவை இதே ஓமோன்கள்தான். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், எரிச்சல் வரும். வெளியே இருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

நாட்பட்ட அரைப்பசி இன்னும் ஆழமாகப் போகும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு 24 வாரங்கள் உணவைக் குறைத்துக் கொடுத்தார். உடல் நிறையில் ஏறக்குறைய கால்பங்கு போனது. அதோடு சிடுசிடுப்பும் சோர்வும் வந்தன. நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல், சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அவர்கள் போரில் அடிபட்டு வந்தவர்கள் அல்ல. போருக்குப் போக மறுத்தவர்கள். அந்தக் குணமாற்றங்களுக்கு அரைப்பசியே போதுமாக இருந்தது.

அந்தப் பையனுக்கு வகுப்பில் 'விசரன்' என்று பட்டம் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் உளவளத்துணை அறைப்பக்கமே வரவில்லை. அதிபர் ஆரவாரமில்லாமல் காலைச் சாப்பாட்டுக்கு ஒரு வழி செய்தார். சீற்றம் குறைந்தது. கணிதம் அப்படியேதான் இருக்கிறது, தகப்பன் போன துக்கமும் இருக்கத்தான் செய்யும். ஆனால் அதைப் பேச அவன் இனி எங்களிடம் வருவானா என்பது சந்தேகம். இழந்தது அதைத்தான்.

"சாப்பிட்டீரா?" என்று நேரே கேட்காதீர்கள். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையும் "ஓம்" என்றுதான் சொல்லும். வீட்டுக் குறையை வெளியே சொல்லக் கூடாது என்று வளர்த்திருக்கிறோம். "தம்பி, காலமை எழும்பினதிலயிருந்து என்னென்ன செய்தனீர் எண்டு சொல்லும் பாப்பம்" என்று கேளுங்கள். எத்தனை மணிக்கு எழும்பினான், எந்த பஸ், யார் சமைத்தது, நித்திரை எவ்வளவு எல்லாம் அதிலேயே வந்துவிடும். 2022 பொருளாதார நெருக்கடிக் காலத்தில் இந்த ஒரு கேள்வி எத்தனையோ வீடுகளின் நிலையைக் காட்டியது.

வயிறு நிறைந்தால் எல்லாம் சரி என்பது

மேலே சொன்னதைப் படித்துவிட்டு மறுபக்கம் சாய்பவர்களும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் மாஸ்லோ 1943இல் ஒரு கட்டுரையில் எழுதிய தேவைகளின் வரிசையைப் பிரமிட்டாக வரைந்து, அடித்தட்டு நிரம்பினால்தான் மேல்தட்டு என்று வகுப்பெடுப்பார்கள். அந்தக் கட்டுரையில் பிரமிட்டே இல்லை. வரிசை மாறலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். 2017 சனவரியில் வவுனியாவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தார்கள். பிள்ளை எங்கே என்ற கேள்வி அவர்களுக்குச் சோற்றுக்கு முன்னால் நின்றது. அப்படி ஒரு தாயிடம் உலருணவுப் பொதியை நீட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எழும்பி வராதீர்கள்.

பரிசு காட்டி ஊக்கம் ஏற்றுவது

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தால் சைக்கிள் என்று பெற்றோர் சொல்வார்கள், நாங்களும் தலையாட்டுவோம். 1973இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படம் வரைய விரும்பிய சிறுபிள்ளைகளிடம் பரிசு தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு சும்மா விட்டபோது அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். தானாக விரும்பிப் படிக்கிற பிள்ளைக்குச் சைக்கிளைக் காட்டாதீர்கள்.

"யோசிக்காதேங்கோ" என்பது

சொல்லாதீர்கள். ஒருவருக்கும் உதவியதில்லை.

நெருக்கீடு என்றால் பசி போகும் என்று மட்டும் நினைப்பது

திடீர்ப் பயத்தில் பசி அடங்கும், சரி. ஆனால் மாதக்கணக்கில் நீளும் நெருக்கீட்டில் கோர்ட்டிசோல் பலருக்கு இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் தேட வைக்கும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இரவில் ரோல்ஸும் மிக்சருமாக இருந்தால், அதை வாய்க்கட்டுப்பாடு இல்லாமை என்று திட்டுவதற்கு முன் பரீட்சையைப் பற்றிக் கேளுங்கள்.

எல்லாவற்றையும் தாங்களே வைத்துக்கொள்வது

இரண்டு வாரத்துக்கு மேலாகச் சாப்பாடு இறங்கவில்லை, நிறை குறைகிறது, நித்திரை இல்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். நீரிழிவு, தைரொயிட், காசநோய்கூட இருக்கலாம். பேசிப் பேசிக் கண்டுபிடிக்கிற காரியம் அல்ல இது. கடிதம் எழுதிக் கொடுத்து வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். போனார்களா என்று அடுத்த கிழமை விசாரியுங்கள்.