மரம் வெட்ட அனுமதி கேட்கப் போகிறீர்களா?

முதலில் டேப்பை எடுங்கள். பல நகரங்களில் அனுமதி வேண்டுமா வேண்டாமா என்பதை அடிமரத்தின் பருமன்தான் முடிவு செய்கிறது. தரையிலிருந்து சுமார் 1.3 மீட்டர் உயரத்தில் சுற்றளவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விட்டம் கேட்டால் 3.14-ஆல் வகுத்தால் போதும், 94 செ.மீ. சுற்றளவு என்றால் விட்டம் ஏறக்குறைய 30 செ.மீ.

தெருவோர மரம் உங்கள் வாசலிலேயே நின்றாலும் பெரும்பாலும் அது நகராட்சியுடையது. கேட்காமல் கிளையைக்கூடத் தொடாதீர்கள். எல்லைக்கோட்டில் நிற்கிறதா? பக்கத்து வீட்டுக்காரரின் எழுத்துபூர்வ சம்மதமும் வாங்கிவிடுங்கள்.

விண்ணப்பத்தில் "ஆபத்தான மரம்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. என்ன ஆபத்து என்று காட்ட வேண்டும். பொந்து இருந்தால் நான் அதற்குள் ஸ்கேலைச் செருகி, ஆழம் தெரியும்படி படம் எடுப்பேன். அடியில் முளைத்த காளான், சாய்ந்த பக்கத்துக்கு எதிரே விரிசல் விட்ட மண், இதையெல்லாம் கிட்டத்தில் எடுங்கள். இலை கொட்டுகிறது என்பதை நான் காரணமாகவே ஏற்க மாட்டேன். பட்ட கிளையைக் கழித்தால் சரியாகும் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், பாவம். கூட்டில் குஞ்சு இருந்தால் அது பறக்கும்வரை பொறுங்கள்.

அனுமதியோடு, பதிலுக்கு மரம் நடச் சொல்லும் நிபந்தனையும் வரலாம். தோண்டும் முன் நிலத்தடிக் குழாய், கேபிள் எங்கே போகிறது என்று கேளுங்கள். மேலே மின்கம்பி இருந்தால் குட்டை இனமே நல்லது. அப்புறம், குழி வேர்க்கட்டியைவிட, அதாவது கன்றின் வேரோடு ஒட்டிய மண் உருண்டையைவிட, இரண்டு மூன்று மடங்கு அகலம் இருக்கட்டும், ஆழம் அதன் உயரத்தைத் தாண்ட வேண்டாம். வேர் விரியத் தொடங்கும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும்.