கல்யாணச் சமையலில் சோறு எங்கே வீணாகிறது? நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகூர்த்த நாளில் மத்தியானம் மூன்று மணிக்குக் கும்பகோணம் பக்கம் ஒரு மண்டபத்தின் பின்கட்டுக்குப் போய்ப் பாருங்கள். அண்டா நிறையச் சாதம் மூடிக் கிடக்கும். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் நாலு பேர் சுற்றி நிற்பார்கள். அந்தச் சாதம் வீணானது அன்றைக்கு இல்லை. பத்து நாள் முன்னால், சரக்கு லிஸ்ட் போட்டபோது. இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். கீழே சொல்கிற தவறுகளில் பாதி நானே செய்தவை.

முதலாவது, ஆள் கணக்கில் ஆளாளுக்குக் கூட்டுவது. தொள்ளாயிரம் பேர்தான் வருவார்கள் என்று கல்யாண வீட்டாருக்கே தெரியும். ஆனால் "குறைஞ்சுட்டா மானம் போயிடும்ணே, ஆயிரமா வச்சுக்குங்க" என்பார்கள். கான்ட்ராக்டர் அதற்கு மேல் பத்து சதவீதம் போடுவார், 1,100. லிஸ்ட் எழுதும் மாஸ்டர் தன் பங்குக்கு இன்னொரு பத்து, 1,210. மூன்று பேரும் நல்ல எண்ணத்தில்தான் கூட்டினார்கள். ஆனாலும் 310 சாப்பாடு உபரி. கிலோ அரிசிக்குப் பத்துப் பேர் என்று வைத்தால், ஒரு 25 கிலோ சிப்பத்துக்கும் மேலே. கூட்டுவது ஒருவராக இருக்கட்டும், அதுவும் ஒரே தடவை.

வேளைக்கு வேளை எண்ணிக்கையும் வேறு. ஒரே முகூர்த்தத்தில் ஊரில் ஏழெட்டுக் கல்யாணம் இருக்கும். ஒரு வீட்டில் டிபனை முடித்து, இன்னொரு வீட்டில் மொய் எழுதிவிட்டு, மூன்றாவது வீட்டில் சாப்பாட்டுக்கு உட்காருவார்கள். ராத்திரி ரிசப்ஷன் கூட்டத்தைப் பார்த்து மறுநாள் மத்தியானத்துக்கு அரிசி களைந்தால் தப்பாகத்தான் போகும். நான் இப்போது இலையை எண்ணுகிறேன். வந்த இலையில் மிச்சம், கிழிசல் போக எத்தனை போட்டோம் என்று பார்த்தால் சாப்பிட்டவர் கணக்கு கையில் நிற்கும். அதை வேளைவாரியாக நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வருஷ நோட்டு இருந்தால் கல்யாண வீட்டாரிடம் தைரியமாகப் பேசலாம்.

அரிசி விஷயம் டெல்டாக்காரர்களான நமக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கோட்டை விடுகிறோம். தை, மாசியில் சம்பா அறுவடையாகிப் புது அரிசி வரும், முகூர்த்தங்களும் அப்போதுதான் நெருக்கும். பழைய அரிசி நன்றாகக் காணும், அதாவது வெந்தால் சாதம் அளவில் கூடும், உதிரியாக நிற்கும். புது அரிசி அவ்வளவு காணாது. பதமும் சீக்கிரம் வந்துவிடும். பழைய நினைப்பில் உலையில் விட்டுவைத்தால் குழைந்துபோகும். குழைந்த சாதத்தை யாரும் இரண்டாம் முறை கேட்பதில்லை, போட்டதும் இலையிலேயே மூடப்படும். முதல் நாள் ராத்திரி அந்தச் சிப்பத்திலிருந்தே ஒரு கிலோ எடுத்து வடித்து, தராசில் வையுங்கள். எத்தனை நிமிஷத்தில் பதம், எத்தனை கிலோ சாதம் என்ற இரண்டும் தெரிந்தால் போதும்.

அதையும் ஒரே மூச்சில் வடிக்கக் கூடாது. முதல் இரண்டு பந்திக்கு வடியுங்கள். உலை கொதிநிலையிலேயே இருக்கட்டும். ஹாலில் சாப்பிடுகிறவர்களின் நாற்காலிக்குப் பின்னால் எத்தனை பேர் இடம் பிடித்து நிற்கிறார்கள் என்று ஒரு பையன் பார்த்து வந்து சொல்லட்டும், அதற்குப் பிறகு அடுத்த அரிசி. பருப்பைத் தனியாக வேகவைத்து, புளி சேராமல் கொஞ்சம் எடுத்து வைத்தால் சாம்பாரை நீட்டவும் நிறுத்தவும் முடியும். தேங்காய் சேர்ந்ததுதான் முதலில் ஊசும். ஆகையால் பொரியலுக்குத் துருவலும், டிபனுக்குத் தொட்டுக்கொள்ளும் கடப்பாவுக்குத் தேங்காய் அரைத்ததும் கடைசியில்தான்.

பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைப்பது, கொத்தமல்லித் தண்டை ரசத்தில் போடுவது பற்றி நிறையப் பேர் எழுதுகிறார்கள். செய்யுங்கள், நல்லதுதான். ஆனால் கழிவை எடை போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நம் தொழிலில் பாரம் சமைத்த சாதத்திலும் எச்சில் இலையிலும்தான்.

இலையில் மீதி விழுவதற்குப் பெரிய காரணம், ஆள் உட்காரும் முன்பே எல்லாவற்றையும் பரிமாறி வைப்பது. பெரியவர் இனிப்பைத் தொட மாட்டார், குழந்தைக்குக் கூட்டு வேண்டாம். பரிமாறுகிறவருக்குக் கேட்க நேரமில்லை. கரண்டியைச் சிறிதாக்கி, இரண்டு தடவை வரச் சொல்லுங்கள். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா?" என்று கேட்டுப் போடுவதில் உபசாரம் கூடுமே தவிரக் குறையாது.

இத்தனைக்கும் பிறகு மீந்தால்? மூன்று மணிக்குப் போன் போடுவதுதான் பெரிய தவறு. சமைத்த உணவை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், சூடாக வைப்பதானால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூடிய அண்டாவின் நடுவில் சாதம் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். வேகும்போது சாகாத பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் அந்தச் சூட்டில் முளைத்துப் பெருகும். அது உண்டாக்கும், வாந்தி வரவைக்கும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. ஆகவே இரண்டாம் பந்தி நடக்கும்போதே மிச்சத்தைக் கணித்து, முதியோர் இல்லத்துக்கோ விடுதிக்கோ சொல்லிவிடுங்கள். பரிமாறும் வாளியில் இறங்காத சாதத்தைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து, சமைத்த நேரத்தை எழுதி ஒட்டி அனுப்புங்கள். உபரி உணவைப் பகிர்வதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2019ஆம் ஆண்டு விதிமுறைகள் இருக்கின்றன.

கடைசியாக ஒன்று. மீந்ததை மாட்டுக்குக் கொட்டிவிட்டால் புண்ணியம் என்று நானும் நம்பியிருந்தேன். ஒரு தை முகூர்த்தத்தன்று மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு அண்டா சாதத்தைக் கொட்டினோம். மறுநாள் பாத்திரம் ஏற்றப் போனபோது, பக்கத்துத் தெருவில் ஒரு கறவை மாடு வயிறு உப்பி, அசை போடாமல் படுத்திருந்தது. சாதம் அளவு மீறி உள்ளே போனால் மாட்டின் முதல் வயிற்றில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். சாயங்காலம் அது செத்துப்போனது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாட்டுக்கார அம்மா எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றிலிருந்து திறந்த இடத்தில் எதையும் கொட்டுவதில்லை. வாய்க்காலிலும் இல்லை. தண்ணீர் பாட்டிலும் டம்ளரும் சேராமல் இலையைத் தனியாகக் கட்டுகிறோம். கெட்ட சாதம் அதோடு உரக்குழிக்குப் போகிறது, மேலே மண் மூடி.