ஒரு யாழ்ப்பாண வீட்டின் காபன் கணக்கை எழுதுவது எப்படி

வீட்டுப் பாவனையால் காற்றில் சேரும் காபனீரொட்சைட்டு எத்தனை கிலோகிராம் என்று எழுதி வைப்பதே காபன் கணக்கு. முதலில் ஒரு மாதத்து எரிபொருள் செலவைப் பணமாக அல்லாமல் லீற்றராகவும் கிலோகிராமாகவும் எழுதி வையுங்கள். விலை மாறிக்கொண்டே இருக்கும். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் வெளிவரும் காபனீரொட்சைட்டு மட்டும் என்றும் ஏறத்தாழ 2.3 கிலோகிராமே.

முக்கால் கிலோகூட நிறையாத ஒரு லீற்றர் பெற்றோலிலிருந்து இவ்வளவு வாயு எப்படி வரும் என்று கேட்காதவர் குறைவு. மிகுதி எடை காற்றிலிருந்து சேர்வது. எரியும்போது 12 பங்கு காபன் 32 பங்கு ஒட்சிசனோடு கூடி 44 பங்கு காபனீரொட்சைட்டாகிறது. இதே முறையில் டீசல் லீற்றருக்கு 2.7, மண்ணெண்ணெய் 2.5, 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் முழுவதும் தீர்ந்தால் ஏறத்தாழ 37 கிலோகிராம் எனக் கொள்ளலாம். வெங்காயத் தோட்டத்துக்கு இறைக்கும் இயந்திரம் பெற்றோலில் முடுக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடுவதாயின் இரண்டையும் வேறுவேறாக எழுத வேண்டும்.

அடுத்து, பனைமட்டையும் பாளையும் ஊமலும் எரிக்கும் அடுப்பை என்ன செய்வது? புகை கண்ணைக் கரிப்பதால் அதுவே பெரிய குற்றவாளி என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் அந்தக் காபன் சில ஆண்டுகளுக்கு முன்னர் இதே காற்றிலிருந்து பனை எடுத்துக்கொண்டது, திரும்பிப் போகிறது. பெற்றோலின் காபனோ கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் கிடந்து, புதிதாகக் காற்றில் சேர்வது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் காற்றின் பத்து இலட்சம் பங்கில் 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958இல் தொடர் அளவீடு தொடங்கியபோது 315 ஆகி, இன்று 420ஐத் தாண்டியிருப்பதற்கு முதன்மைக் காரணம் இந்த நிலத்தடிக் காபனும், அதற்கு அடுத்ததாகக் காடழிப்புமே. ஆகவே உதிர்ந்த மட்டைக்குச் சுழியம் போடுங்கள். மரத்தையே தறித்து மறுநடுகை செய்யாவிட்டால் அதைக் கணக்கில் எழுதுங்கள்.

மின்சாரம் சற்றுச் சிக்கலானது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரியால் பிறக்கும் ஓர் அலகுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் வாயு வெளியேறும். நீர்மின்சாரத்துக்கு மிகச் சிறிதே. நமக்கு வருவது கலவை என்பதால், மின்பட்டியலிலுள்ள அலகுகளைப் பாதியாக்கிக் கிலோகிராமாக எழுதுவது வீட்டுக் கணக்குக்குப் போதும். மழை நன்கு பெய்த ஆண்டில் உண்மைத் தொகை இதனிலும் குறையும்.

ஒரு சிலிண்டர், 20 லீற்றர் பெற்றோல், 15 லீற்றர் மண்ணெண்ணெய், 90 அலகு மின்சாரம் செலவான மாதத்துக்கு முறையே 37, 46, 37.5, 45, கூட்டினால் 165.5 கிலோகிராம்.

சீமெந்தை மட்டும் இந்த ஏட்டில் கலக்காதீர்கள். காங்கேசன்துறையில் ஒருகாலத்தில் அகழ்ந்து சுட்ட அதே சுண்ணாம்புக்கல்லே அதன் மூலப்பொருள். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால், சூளைக்கான எரிபொருள் நீங்கலாகவே, கல்லிலிருந்து மாத்திரம் 44 கிலோகிராம் காபனீரொட்சைட்டு பிரியும். 50 கிலோ போட்லண்ட் சீமெந்துப் பையொன்றுக்கு எல்லாம் சேர்த்து 40 கிலோகிராமளவு எனக் கொண்டால், பை ஒன்று ஒரு சிலிண்டரை மிஞ்சுகிறது. கிடுகுவேலியை அகற்றி மதில் கட்டிய மாதத்தில் இதைச் சேர்த்தால் சமையலும் இறைப்பும் கணக்கில் காணாமற்போகும். ஆதலால் பைகளின் எண்ணிக்கையைத் தனிப்பக்கத்தில், கட்டிய ஆண்டோடு குறித்து வையுங்கள்.