வடமராட்சிக் கரையில் ஒரு கடத்தல் காதல் கதை எழுத

யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் உள்ள வல்வெட்டித்துறையையோ அதன் அயலையோ களமாகக் கொண்டு, பொருள் கடத்தலைச் சுற்றி ஒரு காதல் கதை எழுத முனைபவர், முதலில் ஆண்டை உறுதிசெய்துகொள்ள வேண்டும். 1970களின் தொடக்கத்தில், இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தபோது தமிழகக் கரையிலிருந்து சேலை வந்ததும், 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்கு அரசு விதித்த பொருளாதாரத் தடையை மீறிப் பற்றரி (பேட்டரி) வந்ததும் ஒரே கதை அல்ல. முன்னதில் ஓட்டி, அதாவது கடத்தல் வள்ளத்தைச் செலுத்துபவன், அஞ்சியது சுங்கத்துக்கு. பின்னதில் கடற்படைப் படகின் பீரங்கிக்கு. இரண்டையும் குழப்பினால், அந்தக் கரையில் வாழ்ந்த வாசகர் இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவார்.

நான் 1990க்கும் 1995க்கும் இடைப்பட்ட ஆண்டுகளையே தேர்வேன். மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவின் தயவில் வானொலி கேட்டார்கள். இவற்றை வருணனையாக அடுக்கிவிடாதீர்கள். அவன் மிதிகட்டையைச் சுற்றட்டும், அவள் செய்தி அலைவரிசையைத் தேடட்டும்; அவளைப் பார்த்த கணத்தில் அவன் கை தளர, செய்தி பாதியில் அறுந்துபோக, உள்ளே இருக்கும் தகப்பன் செருமட்டும்.

கடத்தி வரும் பொருள் சிறியதாக இருப்பது நல்லது. தங்கமும் துப்பாக்கியும் கதையைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். பனம்பழச் சாற்றில் துணி துவைத்த காலத்தில் ஒரு வாசனைச் சவர்க்காரக் கட்டியே போதும்: அதை அவன் மடியில் ஒளித்துக் கொண்டுவரலாம், அவள் பெட்டியின் அடியில் வைக்கலாம், ஆனால் குளித்தபின் வாசத்தை எங்கே ஒளிப்பது? கிணற்றடியில் தாய் “பிள்ளை, இது எங்காலை?” (எங்கிருந்து வந்தது) என்று கேட்கும் ஒற்றைக் கேள்வியில் கடத்தலும் காதலும் சேர்ந்தே அகப்பட்டுவிடும்.

பிரிவுக்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று ஓய்ந்து, வாடை என்னும் வடகிழக்குக் காற்று எழும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். வள்ளம் கரையேறிக் கிடக்கும். அவன் அக்கரையில் இருக்கும்போது வாடை தொடங்கிவிட்டதென வைத்துக்கொண்டால், நாட்காட்டியே உங்களுக்குக் கதைப்பின்னலைத் தந்துவிடும். நிலவுள்ள இரவில் மட்டும் வள்ளத்தை இறக்கிவிடாதீர்கள். அது அழகான காட்சிதான், ஆனால் எந்த ஓட்டியும் செய்யாத காரியம்.

உரையாடலில் காதலைச் சொல்லவே வேண்டாம். முதற்பாதி முழுவதும் அவளை “நீங்கள்” என்று விளித்தவன், திரும்பி வந்த இரவில் தன்னையறியாமல் அதைவிட நெருக்கமான “நீர்” என்பதற்கு இறங்கி, “நீர் சாப்பிட்டனீரோ?” என்று கேட்கட்டும். அவள் அதைத் திருத்தாமல் விளக்கின் திரியைத் தாழ்த்தட்டும்.