நர்சிங் தேர்வு: மருந்துக் கேள்விகளைப் போட்டுப் பழகுவது எப்படி?

கோரிமேடு ஜிப்மர் மருத்துவமனையில் நர்சிங் ஆபீசர் வேலைக்குப் படிக்கிறவர்கள், கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் வந்து படிக்கிறவர்களும்தான், முதலில் டிரிப் கணக்கில் கை வையுங்கள். 500 மில்லி சலைன், 4 மணி நேரம், ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழும் செட் என்றால், 500ஐ 20ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு வரும். மணியை நிமிடமாக மாற்ற மறந்தால் மார்க் போச்சு. மைக்ரோ செட் என்றால் ஒரு மில்லிக்கு 60 சொட்டு.

அப்புறம் மருந்துகள். பெயரை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள், கொடுப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்தே படியுங்கள்: இதய மருந்தான டிகாக்சின் என்றால் ஒரு முழு நிமிடம் ஏபிகல் பல்ஸ் (நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்கும் இதயத் துடிப்பு) எண்ணி, பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில் ஹெப்பரினுக்கு முறிமருந்து புரோட்டமின் சல்பேட், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே. பொட்டாசியம் குளோரைடைக் கலக்காமல் நேரடியாக ரத்தக்குழாயில் தள்ளவே கூடாது, இதயம் நின்றுவிடும், இதைத் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள்.

“முதலில் என்ன செய்வீர்கள்?” என்ற கேள்விக்கு மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசையில் யோசியுங்கள். சரியான விடையை டிக் செய்ததும் அடுத்த கேள்விக்கு ஓடாமல், மற்ற மூன்றும் ஏன் தப்பு என்று கூடப் படிக்கிறவரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.